டைரக்டரியில் ஒரு ராஜமணி

நூலகத்தில் வேலை என்றதும் எல்லோரும் "நிறையப் படிக்கலாமே" என்பார்கள். பழைய பெட்டிகளைக் குடைந்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே தும்மத்தான் நேரம் இருக்கும்.

எங்கள் ஊர் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். நூலக மாடியில் ஊர் வரலாற்றுக்கென்று ஓர் அறை உண்டு. ஊரின் ஆண்டு விழாவுக்காக, யார் யார் எப்போது இங்கே குடிவந்தார்கள் என்று ஒரு புத்தகம் தயாரானது. இத்தாலியர்களை எங்கள் தலைமை நூலகர் கேரல் எடுத்துக்கொண்டார். தமிழர்களுக்கான ஒரு பக்கம் எனக்கு வந்தது. ஒரே பக்கம்தானே என்று நினைத்தேன்.

வாடகைக்கு இருந்தவர்கள்

ஊரின் முதல் தமிழ்க் குடும்பம் எது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். மறுநாளே கிருஷ்ணமூர்த்தி அங்கிள் வீட்டுப் பத்திரத்தோடு வந்துவிட்டார். அவருக்கு முன்பே ஒரு மாமி அபார்ட்மென்டில் குடியிருந்தாராமே என்றேன். அங்கிள் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

"வீடு வாங்கினது நான்தாம்மா ஃபர்ஸ்ட். வாடகைக்கு இருந்ததெல்லாம் கணக்குல சேருமா?"

ஒரு வரி

எதற்கும் பார்ப்போம் என்று பழைய டெலிபோன் டைரக்டரிகளை இறக்கினேன். அங்கிள் வந்த வருஷத்துக்கு வெகு முந்தையது ஒன்று. 'ஆர்' வரிசையில் விரல் நின்றுவிட்டது. 'ராஜமணி, எஸ்.' கூடவே பால்பண்ணைத் தெரு முகவரி. அந்தப் பண்ணை இருந்த இடத்தில்தான் இன்று எங்கள் அபார்ட்மென்ட் இருக்கிறது. கேரலைக் கூப்பிட்டேன். முட்டிவலியோடு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பக்கத்தை நூறு தடவை புரட்டியிருப்பேன். நான் இத்தாலியப் பெயர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்."

தபால்காரரின் வியாழக்கிழமை

யார் இந்த ராஜமணி? இன்ஜினியராகத்தான் இருப்பார் என்றார் அங்கிள். நானும் கோட்டு போட்ட ஒரு மனிதரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமைகளில் உதவிக்கு வரும் வால்ட் முன்பு தபால்காரராக இருந்தவர். அவரிடம் கேட்டதும் சட்டைக் கையைச் சுருட்டி ஒரு தழும்பைக் காட்டினார். நாய் கடித்த அன்று கட்டுப் போட்டது ராஜமணிதானாம். ஸ்டெல்லா ராஜமணி, ஆஸ்பத்திரி நர்ஸ். அந்தக் காலத்தில் தனியாக இருக்கும் பெண்கள் டைரக்டரியில் முழுப் பெயர் கொடுக்க மாட்டார்களாம். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் மிஸஸ் மில்லர். காலையில்கூடக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே."

கீழ்த்தளம்

மிஸஸ் மில்லர்! நான்கு வருஷமாக வாரம் தவறாமல் அவருக்குத் துப்பறியும் நாவல்கள் எடுத்துக் கொடுப்பவள் நான். குட்டை வெள்ளை முடி, பேஸ்பால் தொப்பி. தமிழர் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

ஓடினேன். ஜன்னலோர நாற்காலியில்தான் இருந்தார். மூச்சு வாங்க, "நீங்க தமிழா?" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாகர்கோவில்" என்றார். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எங்கிட்ட தமிழ்ல பேசவே இல்லியே மக்களே."

பனியில் புடவை

அடுத்த நாள் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். முழங்கால் உயரப் பனியில், புடவைக்குக் கீழே ஆண்கள் பூட்ஸ் போட்டு நிற்கிறார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் படிவத்தில் இனம் என்ற இடத்தில் இவருக்குப் பொருத்தமான கட்டம் தெரியாமல் விழித்ததையும், "நர்ஸ்னு எழுதுங்க" என்று தான் சொன்னதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். என் பக்கம் நிறைந்துவிட்டது. 'ஊரின் முதல் தமிழர்' என்று படத்துக்குக் கீழே எழுதிக் காட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஃபர்ஸ்ட்னு போடாத. நான் வந்து இறங்கினப்போ என்னைக் கூட்டிட்டுப் போக ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு நின்னதே ஒரு தூத்துக்குடி டாக்டரம்மாதான்."

'முதல்' என்ற சொல்லை நானே அடித்துவிட்டேன். அன்றிலிருந்து மில்லர் அம்மாவுக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுக்க, தமிழில் பேசிப் பேசி, எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.