பலகையில் ஏறிய பெயர்

என் அக்கா சலவைக்கடை நடத்துகிறாள். நான் அங்கே இஸ்திரி போடுகிறேன், கூடவே அவளிடம் திட்டும் வாங்குகிறேன். தெருவில் அவளுக்குப் பெயர் 'ஏன் அக்கா'. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடமே, "போன வேலைய ஏன் விட்டீங்க?" என்று கேட்டு என் மானத்தை வாங்கியவள்.

வெந்நீர் பாய்லர் இல்லாமல் எங்கள் கடை இல்லை. அது இழுக்கும் கரண்டுக்கும், அதன் மேல் போடும் மின்வரிக்கும் கொடுத்தது போகக் கையில் மிஞ்சுவது சொற்பம். இன்னும் கொஞ்சம் ஏறினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

எதிரே கண்ணாடி ஆலை. அவர்களுடைய யூனிஃபார்ம் எங்களிடம்தான் வரும். எங்களுக்குப் பாதி வேலை அதுதான். ஒருநாள் ஆலை மேனேஜர் மூட்டையை இறக்கிவிட்டுப் பெருமையடித்தார். "எங்களுக்குக் கரண்டுக்கு வரியே கிடையாதும்மா. கவர்மென்ட் தள்ளுபடி!"

வந்தது வினை. மின்கட்டணம் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அக்கா கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"யார் யாருக்கு எவ்வளவு வரி தள்ளுபடி பண்றீங்க? ஏன் பண்றீங்க? அதை எல்லாரும் பாக்குற மாதிரி வெளியில போடுங்க சார்."

மேடையிலிருந்த அதிகாரி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அது கம்பெனிகளோட வியாபார ரகசியம்மா."

"விட்டுக் குடுக்கிறது எங்க பணம். அதுல என்ன சார் ரகசியம்?"

கைதட்டினார்கள், அதோடு சரி. அடுத்த வருஷமும் போனாள். அதே கேள்வி, அதே தண்ணீர். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த வருஷம் சீர்திருத்தம் வந்தேவிட்டது. சலுகைப் பட்டியலை மின் அலுவலகப் பலகையில் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அக்கா ஈரக்கையோடு ஓடினாள். சிறு கடைகளுக்குக் கொடுக்கும் அற்பச் சலுகை ஒன்று விடாமல் அதில் இருந்தது: பெயர், விலாசம், தொகை. மின்வரியில் எங்களுக்குக் கழிக்கும் சில்லறைத் தொகையோடு எங்கள் கடையும் நட்டநடுவில் இருந்தது. அரசாங்கச் செலவைக் குறைப்பதற்காக அடுத்த மாதம் முதல் அந்தச் சலுகையும் பாதியாம். பெரிய ஆலைகளெல்லாம் அடியில் ஒரே வரியில், 'இதர நிறுவனங்கள்' என்று மொத்தத் தொகையோடு. எங்கள் அத்தனை பேர் தொகையையும் கூட்டினாலும் அதன் கால்தூசி பெறாது. ஆனால் பெயர் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மேனேஜர் மூட்டையோடு வந்தார், வாயெல்லாம் பல்.

"பலகைல உங்க பேரப் பாத்தேனே! சலுகை வாங்குறீங்கன்னு சொல்லவே இல்ல. அப்ப நம்ம ரேட்டக் கொஞ்சம் கொறைக்கலாமே?"

எனக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கார் சீட்டிலேயே வைத்தாள்.

"உங்க பேரையும் அங்க ஒட்டச் சொல்லுங்க சார். அப்புறம் வாங்க, ரேட் பேசலாம்."

கார் போய்விட்டது. "ஏன்க்கா இப்படிப் பண்ணின?" என்று கத்தினேன். ஊரையே ஏன் என்று கேட்டவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு ஊறவைக்க வேறு துணியில்லாததால், நானே போய்ப் பாய்லரை அணைத்தேன்.