வலப்பக்கக் கதவுக்குள்

ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் நகரத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எட்டு மணிநேரமும் காதுக் கவசத்தோடுதான் நிற்கவேண்டும். வீட்டிலும் பாட்டுக் கேட்க முடியாது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவி, இரவு முறை முடிந்து வந்தால் பகலில் தூங்குவாள். எனக்கென்று இருந்த ஒரே இடம் கார்தான்.

இந்தக் காரைப் பழையதாகத்தான் வாங்கினேன். அதில் பாட்டைப் போட்டால் குரல் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பாடுகிறவர் என் காலடியில் குந்தியிருந்து பாடுவதுபோல. முன் ஸ்பீக்கர்கள் இரண்டையும் மாற்றினேன். சீட்டுக்கு அடியில், ஒலிக்குப் பலம் கொடுக்கும் சின்ன அம்ப் ஒன்று வைத்தேன். விபோர்க்கில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்த வேலையில் பைத்தியம். அவர் ஒரு ஞாயிறு வந்து, என் தலை இருக்கும் உயரத்தில் மைக்கை வைத்து அளந்தார். இங்கே காரை இடப்பக்கம் இருந்துதான் ஓட்டுவது என்பதால் இடது ஸ்பீக்கர் எனக்குக் கிட்ட இருக்கிறது, வலது தூரத்தில் இருக்கிறது. கிட்ட இருப்பதன் சத்தத்தை ஒரு துளி பிந்தி வரவைத்தால் இரண்டும் ஒன்றாகக் காதுக்கு வரும் என்றார். அப்படியே செய்தார். குரல் எழும்பி வந்து முன் கண்ணாடியின் நடுவில் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது. என் வேலை இரண்டு மணிக்கு முடியும். வரும் வழியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொள்வேன். அவள் பக்கத்தில் வந்து இருந்ததும் சத்தத்தைக் கூட்டுவேன்.

"கேளம்மா, வயலின் எந்தப் பக்கம் நிக்குது, சொல்லு?"

தெரியாது என்று டேனிஷில் சொல்லிவிட்டு வெளியே பார்ப்பாள். இந்த வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்தேன்.

இலையுதிர் காலத்தில் வலப்பக்கக் கதவு இரையத் தொடங்கியது. பாட்டில் தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம், உள்ளே வண்டு ஒன்று மாட்டிக்கொண்டதுபோல ஒரு நடுக்கம். திருகாணிகளை இறுக்கிப் பார்த்தேன். கைப்பிடிக்குப் பின்னால் துணி நாடா ஒட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. நண்பருக்குத் தொலைபேசி அடித்தேன்.

"அண்ணை, ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி," என்றார். "உள்தட்டைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு அதிர்வை அடக்கிற தார் அட்டை ஒட்டுங்கோ. ஓட்டை எல்லாத்தையும் அடையுங்கோ. அப்பதான் நிக்கும்."

ஒரு சனிக்கிழமை காலை கதவின் உள்தட்டைக் கழற்றினேன். ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் கையை விட்டபோது விரலில் கடதாசி பட்டது. மடித்து மடித்துப் பெருவிரல் நகமளவுக்குச் சிறிதாக்கிய தாள்கள். அடியில் கிடந்தவை மழைத்தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தன. மேலே சில, ஸ்பீக்கரின் முதுகில் படும்படி சிக்கிக் கிடந்தன. ஜன்னல் கண்ணாடிக்கும் கதவின் விளிம்புக்கும் இடையில் றப்பர் பிடித்த ஒரு இடுக்கு உண்டு. அதற்குள்ளால்தான் யாரோ தள்ளியிருக்கவேண்டும்.

குப்பை என்று நினைத்து எறியப்போனேன். ஏனோ ஒன்றை விரித்தேன். டேனிஷ் கையெழுத்து. உனக்குப் பக்கத்தில் இருக்க ஒருவருக்கும் விருப்பமில்லை, இன்னுமா விளங்கவில்லை என்று எழுதியிருந்தது. அடுத்ததில், உன் குளிர் ஜாக்கெட்டில் உங்கள் வீட்டுச் சமையல் மணக்கிறது. இன்னொன்றில் என் மகளின் முகம் வரைந்து, அதன் மேல் ஈக்கள். கையெழுத்துகள் இரண்டு மூன்று மாறி மாறி வந்தன. வாசிக்கக்கூடியதாக இருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். கார் நிறுத்தும் கொட்டகையின் சீமெந்துத் தரையில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. மகள் மேலே தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மனைவி வேலை முடிந்து வந்து, சீருடையோடு நின்றபடியே அவற்றை வாசித்தாள்.

"உடன கேக்காதேங்கோ," என்றாள். "இப்ப கேட்டா இன்னும் பூட்டிக்கொள்ளுவாள். நான் ஆறுதலாக் கதைக்கிறன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை மகளை ஏற்றியபோது பாட்டுப் போடவில்லை. அவள் அதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவைக் கழட்டினனான்," என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "வாசிச்சனீங்களோ?" இதை டேனிஷில் கேட்டாள்.

"ஓம்."

சிவப்பு விளக்கில் நின்றபோது, ஏன் கதவுக்குள் போட்டாய் என்று கேட்டேன்.

"வீட்டுக் குப்பையில போட்டா அம்மா எடுப்பா. பள்ளிக்கூடத்தில போட்டா எழுதின அவளவையே எடுத்துத் திருப்பி என்ர பைக்குள்ள வைப்பாளவை."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

அதற்குத் தமிழில் பதில் சொன்னாள். "சொல்ல வந்தனான் அப்பா. ரெண்டு தரம். நீங்கள் 'பொறு, இந்த இடத்தைக் கேள்' எண்டு சொன்னீங்கள்."

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. அந்த இரண்டு நாட்களையும் நினைவுக்குக் கொண்டுவர எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். எந்தப் பாட்டு, எந்த இடம், ஒன்றும் வரவில்லை. அவள் என் பக்கத்திலிருந்து அந்தத் தாள்களை மடித்து இடுக்குக்குள் தள்ளியபோதெல்லாம் நான் முன் கண்ணாடியின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானும் மனைவியும் தாள்களோடு பள்ளிக்கூடம் போனோம். வகுப்பாசிரியர் எங்களை மரியாதையாக இருத்திக் கோப்பி தந்தார். தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார். எழுதிய பிள்ளைகளோடும் பெற்றோரோடும் கதைத்தார். அதில் ஒருத்தியின் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதார். தாள்கள் நின்றன. ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் மகளோடு ஒருவருமே பேசவில்லை. மதியச் சாப்பாட்டை நூலகத்தில் தனியாக இருந்து சாப்பிடுகிறாள் என்பது கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

பெப்ரவரியில் வரும் குளிர்கால விடுமுறைக்குப் பிறகு அவளை நகரத்தின் மறுபக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். எழுதியவர்கள் அதே வகுப்பில், அதே கதிரைகளில் இருக்கிறார்கள். எழுந்து போனது என் பிள்ளை. அந்த மாற்றல் படிவத்தில் நானும் கையெழுத்து வைத்தேன்.

இடையில் நண்பர் அழைத்து, "என்னண்ணை, இரைச்சல் நிண்டிட்டுதோ?" என்று கேட்டார்.

"நிண்டிட்டுது," என்றேன்.

கழற்றிய கதவை அப்படியே விடமுடியாதென்று தார் அட்டையை ஒட்டி முடித்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கார் இப்போது மிக நன்றாகப் பாடுகிறது. மகள் பஸ்ஸில் போய் வருகிறாள். வேலை முடிந்து நான் தனியாகத்தான் வருகிறேன். பெரும்பாலும் பாட்டுப் போடுவதில்லை. போட்டால் ஒரு பாட்டு முடியுமுன் நிறுத்திவிடுகிறேன்.

புதுப் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரம் ஒவ்வொரு நாளும் அவளிடம் கேட்டேன்.

"இண்டைக்கு எப்பிடி?"

"பரவாயில்லை."

"உண்மையாவோ?"

வெள்ளிக்கிழமை, சாப்பிட்ட கோப்பையை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, ஏதும் நடந்தா நான் சொல்லுவன். ஆனா இப்பிடி ஒவ்வொரு நாளும் கேட்டீங்களெண்டா சொல்லமாட்டன்."

சரி என்றேன். இப்போது சில நாட்களில் கேட்கிறேன், சில நாட்களில் கேட்பதில்லை. கேட்காத நாட்களில் அவள் படியேறித் தன் அறைக் கதவைச் சாத்தும்வரை மேசையிலேயே இருக்கிறேன். எத்தனை நாளுக்கொருமுறை கேட்பது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.