கெட்டி ஆயில்

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டேன். என் காருக்கும் என் முழங்காலுக்கும் ஒரே வியாதி, காலையில் இரண்டும் சத்தம் போடும். சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "சவுண்டு ஜாஸ்தி இருக்கு சார். ஸ்வல்ப கெட்டி ஆயிலா ஊத்திடலாமா?" என்றாள். பாவம், நல்லதுக்குத்தான் கேட்டாள். "புக்குல என்ன போட்டிருக்கோ அதையே ஊத்தும்மா!" என்று நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புது ஆயில் வாசனை என்னை அப்படியே அல்சூருக்குக் கொண்டுபோய்விடும். பதினைந்து வருஷத்துக்கு முன் அங்கே ஓர் ஆயில் கடையின் கவுண்டரில் நின்றேன். ஒரு சொட்டைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தே இது என்ன ஆயில், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்லிவிடுவேன். டிரைவர்கள் 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

பழைய கார் விற்கும் புரோக்கர்களும் வருவார்கள். தேய்ந்துபோன எஞ்சினில் கெட்டி ஆயிலை ஊற்றினால் கொஞ்ச நாளைக்குச் சத்தமும் புகையும் அடங்கிக் கிடக்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும். "குரு, இருக்குறதுலயே கெட்டியா குடு, பார்ட்டி நாளைக்கு வர்றான்" என்பார்கள். கொடுப்பேன். "கவுண்டர்ல நடக்குறது வெளிய போகக் கூடாது" என்பது முதலாளி முதல் நாளே சொன்ன சட்டம்.

சகாயம் என் சிநேகிதன். ஊரார் வண்டியை ஓட்டி ஓட்டிச் சலித்து, சொந்தமாக ஒரு டீசல் கார் வாங்கி எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றில் கேப் விட ஆசைப்பட்டான். அத்திபெலேயில் வண்டி பார்த்திருந்தான். "நீ வந்து பாத்து சொல்லு மச்சா, அப்புறம்தான் வாங்குவேன்."

போனேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற புரோக்கர், முந்தின நாள் என்னிடம் கெட்டி ஆயில் வாங்கிப் போனவர். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆயில் குச்சியை உருவினேன். நான் விற்ற ஆயில், தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. சகாயம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புரோக்கர் முதலாளிக்கு வேண்டியவர், எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு கிடையாது. "நல்லா இருக்கு" என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை பாருங்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வண்டியை மந்திரித்தார்கள். சகாயத்தின் மனைவி ஸ்டெல்லா, ஐந்து வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பானட்ட திறங்க, எஞ்சின் மேலயும் தெளிக்கட்டும் ஃபாதர்" என்றாள். பானட்டைத் திறந்து பிடித்தது நான்தான். தீர்த்தம் என் கைமேலும் விழுந்தது.

மூன்று மாதம் கழித்து ஆயில் மாற்றுவதற்கு என் கடைக்கே வந்தான். வண்டியோடு வந்த புத்தகத்தை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தான். "இதுல தண்ணி மாதிரி ஆயில் போட்டிருக்கான் மச்சா, இதுவா ஊத்தணும்?" அதுதான் சரியான ஆயில். அதை ஊற்றினால் அன்றைக்கே சத்தம் வெளியே வந்துவிடும், என் பொய்யும் வந்துவிடும். ஆனால் எஞ்சினைப் பிரித்தாவது காப்பாற்றியிருக்கலாம். "புக்க விடு. நம்ம ஊர் ரோட்டுக்கு கெட்டிதான்" என்று டின்னை எடுத்து வைத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கொடுத்தேன்.

அதிலிருந்து இரண்டாம் மாதம் மேம்பாலச் சாலையில், பின்சீட்டில் கம்பெனி ஆட்கள் இருக்கும்போதே எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. கேப் வேலை போயிற்று, வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. சகாயம் திரும்பவும் ஊரார் வண்டியில் ஏறினான். தலைகுனிந்து நின்ற என்னைத் தட்டிக்கொடுத்து, "விடு மச்சா, எஞ்சினுக்குள்ள பூந்தா பாக்க முடியும்?" என்றான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். முதலாளி கண்ணை மூடிவிட்டார். சகாயமும் இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டான். உண்மையைச் சொல்ல வேண்டிய ஆள் இல்லை.

போன மாதம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். மகள் காலேஜ் போக ஒரு பழைய ஸ்கூட்டர் பார்த்திருந்தார்கள். "நீங்க வந்து பாத்து சொல்லுங்கண்ணா. அவரு இருந்தா உங்களத்தான் கூப்பிட்டிருப்பாரு." போனேன். ஆயிலைத் தொட்டுத் தேய்த்தேன், ஓட்டியும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அம்மாவும் மகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நல்லா இருக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேணாம்மா" என்றேன்.

ஏன் என்றுகூட ஸ்டெல்லா கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிங்கண்ணா" என்று மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டாள்.