ஆண்ட்டி என்று சொல்ல மாட்டேன்

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், கதவு திறந்துவிடும் என்றார்கள்.

நான் சொல்லவில்லை.

போன வாரம் இந்தப் பத்தி ஏன் வரவில்லை, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று வாட்ஸ்அப்பில் விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. நியூசிலாந்து போயிருந்தேன். போன இடத்தில் விமான நிலையத்தில் என்னை ஒரு தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள் - அவ்வளவுதான்.

பதறாதீர்கள். கடத்தல் கிடத்தல் எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், குளிருகிறதா என்று கேட்டார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் தகராறு ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். போகாமல் இருந்தால் சந்தோஷம், எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கும். ஜொகூர் பெக்கான் நானாஸில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அதோடு படிப்பு சரி. பஸ் போகிற சடக்கு ஓரத்தில் வடைச் சட்டியோடு உட்கார்ந்தவள். இன்றைக்குப் பொந்தியானிலிருந்து சிகாமட் வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்திலாவது "சாப்பாடு யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். என் பெயரைச் சொல்வார்கள். அண்டா என்னுடையது. வேன் என்னுடையது. வாய்... அதுவும் என்னுடையதுதான்.

"அக்கா, ரொம்பப் பெருமை பேசுறீங்க" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆமாம் தாயி, பேசுகிறேன். எனக்குப் பதிலாகப் பேச ஆள் வைத்தால் அவனுக்கும் சம்பளம் போட வேண்டுமே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை சரோஜாவின் மகன் குமரன். தமிழில் சொன்னால் என் மகன். தங்கை மகன், மகன் இல்லாமல் வேறு யார்? நான் அவனுக்குப் பெரியம்மா. சரோஜா விடியும் முன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போய்விடுவாள். அவன் பசியாறியது என் வீட்டில். பள்ளிக்கூட பஸ் ஏறியதும் என் வாசலில். இப்போது ஐயா நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊரில், பால்மாவுத் தொழிற்சாலையில் எஞ்சினியர். மனைவி கவிதா. ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

பிரசவத்துக்குச் சரோஜா போய் இருந்துவிட்டு வந்தாள். அடுத்தது என் முறை.

டிக்கெட், ஆன்லைனில் நிரப்புகிற பாரம் எல்லாவற்றையும் கவிதா அங்கிருந்தே முடித்துவிட்டாள். "நீங்க வந்து இறங்குனா போதும் அத்தை" என்றாள். நானும் தொட்டில் ஸ்பிரிங் ஒன்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பூப்போட்ட பத்தேக் கைலி நான்கு என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ராத்திரி முழுக்க விமானம். ஆக்லாந்தில் இறங்கினேன். கவுண்டரில் செம்பட்டைத் தாடி வைத்த ஓர் அதிகாரி. என் மகன்கள் வயதுதான் இருக்கும்.

யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இது புரியாதா எனக்கு? மலாய் சரளமாக வரும். சீனர் ஹொக்கியனில் திட்டினால் திருப்பித் திட்டுவேன். இங்கிலீஷில் பேரம் பேசி ஜெயித்திருக்கிறேன்.

"மை சன்" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சன்?"

"யெஸ். சன்."

இதற்கு முன்னால் குடும்பத்தில் வேறு யாராவது அவரைப் பார்க்க வந்தார்களா என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே...

"யெஸ் யெஸ். லாஸ்ட் மந்த் ஹிஸ் மதர் கம்!"

அந்தத் தாடிக்காரப் பையன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மகனைப் பார்க்க வந்த அம்மா. போன மாதமே வந்து போன அம்மா. பாரத்திலோ 'ஆண்ட்டி'. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அப்படித்தான் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மேசையில் ஒரு ஃபோன் இருந்தது. அதை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒரு பெண் குரல். இலங்கைத் தமிழ்.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்க்கிற ஆள் கதைக்கிறன். குமரன் எண்டவர் உங்கட சொந்த மகனோ எண்டு ஒஃபிசர் கேக்கிறார்."

"சொந்த மகன்தான். பின்ன வாடகை மகனா?"

"நீங்கதான் பெத்தனீங்களோ?"

"பெத்தது என் தங்கச்சி."

அந்தப் பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். தாடிக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திருப்பி ஏதோ கேட்டார்.

"அப்ப, போன மாசம் வந்த அம்மா ஆர் எண்டு கேக்கிறார்."

"அது அவன் அம்மா. நான் பெரியம்மா."

"அவருக்கு எத்தினை அம்மா எண்டு கேக்கிறாரம்மா."

"ரெண்டு. ஏன், இந்த ஊருல ஒண்ணுக்கு மேல குடுக்க மாட்டாங்களாமா?"

ஃபோனில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் இருமலாக மாறியது. பாவம், அவள் வேலை அப்படி. கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும், கூட ஒரு வார்த்தை போடக் கூடாது.

"எங்கட ஊரிலயும் பெரியம்மா அம்மாதான்" என்று அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். உடனே, அப்படிச் சொன்னதையும் அதிகாரியிடம் இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டாள். நேர்மையான பிள்ளை. அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, "அம்மா, இங்கிலீசில உங்களுக்கு ஆண்ட்டி எண்டுதான் சொல். பாரத்திலயும் அதுதான் கிடக்கு. நீங்க 'ஓம், நான் ஆண்ட்டிதான்' எண்டு சொன்னா பிரச்சினை முடிஞ்சுதாம். அவர் எழுதிப்போட்டு விட்டிடுவாராம்" என்றாள்.

"சொல்லலன்னா?"

"நீங்க சொன்னதும் பாரமும் பொருந்தாட்டி மேலதிகாரியைக் கேக்கோணுமாம். திருப்பி அனுப்பவும் கூடுமாம்."

வெளியே என் பேத்தி காத்திருக்கிறாள். அவளை ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பாதி முகம். சரோஜா அவளை நாள்கணக்கில் மடியில் வைத்திருந்துவிட்டு வந்து, "தும்முனா அப்படியே உன்ன மாதிரியே இருக்காக்கா" என்று சொல்லிச் சொல்லியே என்னை விமானம் ஏற வைத்தாள். ஒரு சொல் சொன்னால் குழந்தை கையில்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

ஆனால் ஆண்ட்டி என்றால் யார், சொல்லுங்கள் பார்ப்போம். சந்தையில் கீரை விற்கிற சீனத்தி எனக்கு ஆண்ட்டி. நாசி லெமாக் சோறு கட்டிக் கொடுக்கிற மலாய்க்காரம்மா ஆண்ட்டி. பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஆண்ட்டி" என்று ஊர் பேர் தெரியாதவன் என்னையும் சொல்கிறான். எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிற ஒரு சொல். தப்பான சொல் இல்லை... ஆனால் அது நான் இல்லை.

வளர்த்தவள் என்கிற உரிமையில் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பிள்ளை இல்லாதவள், ஏங்கிப் போய்ப் பேசுகிறாள் என்றும் பாவம் பார்க்க வேண்டாம். நான் பெற்றது இரண்டு, ஜொகூர் பாருவில் ஆளுக்கொரு வீட்டில் கொழுத்துப்போய்த்தான் இருக்கிறார்கள். குமரனை நான் ஒரு நாள்கூடத் தூக்காமல் இருந்திருந்தாலும் நான் அவனுக்குப் பெரியம்மாதான். சரோஜா வயிற்றில் அவன் வந்த அன்றே நான் அம்மா. கேட்டு வாங்கியதில்லை.

யோசித்துப் பார்த்தேன். வீடு, வேன், அண்டா, பெயர் - எல்லாம் நானே சம்பாதித்தது. அதில் ஏதாவது ஒன்றைக் கேட்டிருந்தால்கூட, போனால் போகட்டும், மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம் என்று கொடுத்திருப்பேன். இந்த ஒன்று மட்டும் நான் சம்பாதிக்காதது. சும்மா வந்தது. சும்மா வந்ததை விட்டுக் கொடுத்தால் திரும்ப எங்கே போய் வாங்குவது?

"சொல்ல மாட்டேன்னு சொல்லும்மா" என்றேன் ஃபோனைப் பார்த்து.

"அம்மா, வடிவா யோசிச்சுத்தான்..."

"யோசிச்சாச்சு. இங்கிலீஷ்ல எனக்குச் சொல் இல்லன்னா அது இங்கிலீஷுக்குக் குறை. எனக்கு இல்ல. அப்படியே சொல்லு. ஒரு எழுத்துக் குறையக் கூடாது."

குறைக்கவில்லை போலிருக்கிறது. தாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பெருமூச்சு விட்டு, பாரத்தில் இருந்த நம்பருக்கு இன்னொரு ஃபோனிலிருந்து அடித்து, அதையும் ஸ்பீக்கரில் போட்டார். குமரன்.

அப்போதுதான், வாசகர்களே, எனக்குப் பயம் வந்தது. திருப்பி அனுப்புவார்களோ என்று இல்லை. இவன் என்ன சொல்லப் போகிறான்? இவனும் அந்த நாட்டில் ஒன்பது வருஷம் தின்று வளர்ந்தவன். இவ்வளவு நேரம் நான் யாருக்காகக் கச்சை கட்டிக்கொண்டு நின்றேனோ, அவனே கவிழ்த்துவிட்டால்?

அதிகாரி கேட்டார். குமரன் குரல் பளிச்சென்று வந்தது. இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஷி இஸ் மை ஆண்ட்டி."

கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சோறு வடித்து, கடைசிப் பந்தியில் எனக்கே சோறில்லாமல் போன நாள்கூட உண்டு. அன்றைக்கெல்லாம் இப்படி வலித்ததில்லை.

வலித்தால் நான் அழுகிற ரகமா? ஃபோன் பக்கம் குனிந்தேன்.

"டேய் குமரா! யாருடா ஆண்ட்டி?"

"அலமாக்! மா?" என்று அலறினான். "மா, ஏன்மா ஸ்பீக்கர்ல கத்துறீங்க? என்னம்மா ஆச்சு? அழுவுறீங்களாமா? இருங்கமா, நான் வெளியிலதான் நிக்கிறேன்மா, எங்கயும் போயிடாதீங்கமா..."

"யாருடா அழுவுறா? எங்கடா போவேன்? என்னை உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க, உன் ஆண்ட்டிய!"

"ஐயோ மா, அது அவங்களுக்குப் புரியணுமேன்னு சொன்னேன்மா... பாரத்துல அப்படித்தானே இருக்கு? மாத்திச் சொன்னா உங்கள அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேன்மா!"

மொழிபெயர்க்கிற பெண் கடமை தவறாதவள். "சேர், நான் இப்ப..." என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

தாடிக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவன் எத்தனை 'மா' போட்டான் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ, முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் சொன்னதை அவள் கடைசியாக மொழிபெயர்த்தாள்.

"இதுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லையாம் அம்மா. பெத்தவ தங்கச்சி, நீங்க பெரியம்மா, ரெண்டையும் உள்ளபடியே எழுதுறாராம். நீங்க போகலாமாம்." பிறகு சட்டென்று, "நானும் என்ர அம்மாவோட கதைச்சுக் கனநாள். இண்டைக்கு கோல் எடுக்கிறன்" என்றாள். அது யாரும் மொழிபெயர்க்கச் சொல்லாதது.

வெளியே வந்தேன். குமரன் ஓடி வந்து பெட்டியை வாங்கினான். கன்னத்தில் செல்லமாக ஒன்று வைத்தேன். கவிதா பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கொடுத்தவளையும் விடவில்லை.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். என்னை ஏன் ஆண்ட்டின்னு போட்ட?"

கவிதா முழித்தாள். "பின்ன? நான் உங்கள என்னன்னு கூப்பிடுறேன்?"

"அத்தைன்னு."

"அத்தைக்கு இங்கிலீஷ் ஆண்ட்டிதானே அத்தை?"

சரிதான் என்று தலையாட்டினேன். இது வருஷத்தில் ஒரு முறை நடந்தால் அதிகம். அவள் என்னைத் தள்ளி வைத்து எழுதவில்லை. மாமியார் என்று நினைத்துத்தான் அத்தை என்கிறாள், சரோஜாவைக் கூப்பிடுகிற அதே அத்தை. இங்கிலீஷில் போய் விழுந்ததும் அது கீரைக்காரியாகிவிட்டது. அவள் என்ன செய்வாள், பாவம்?

காரில் போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப அடுத்த தடவ என்ன போடட்டும் அத்தை?"

"அம்மான்னு போடு."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த குமரன் திரும்பிப் பார்த்தான். "மா! மறுபடியும் அந்த ரூம்ல கொண்டுபோய் உக்கார வச்சிருவாங்கமா!"

"வச்சா உக்காருறேன். நீ ரோட்டைப் பாருடா."

அப்போது மடியில் இருந்தவள் தும்மினாள். சரோஜா சொன்னது பொய். என்னை மாதிரி இல்லை, என்னைவிடச் சத்தம்.

வருகிற வருஷம் பேத்திக்குக் காது குத்து. போகத்தான் போகிறேன். அந்தப் பாரத்தை மட்டும் இந்த ஆறாம் வகுப்புக்காரியே நிரப்பப் போகிறாள்.