கடைசியாகப் பதிந்த பெயர்

மலேசியாவின் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய துண்டு நிலங்களில் பதினொரு பெண்கள் மிளகாய் போடுகிறார்கள். அவர்களில் தாமரைக்குத்தான் விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியும். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ, யாருடைய பாரமானாலும் தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் தாமரையின் எண்தான் இருக்கும். "அக்கா நம்பர போடு, அவங்க பாத்துக்குவாங்க" என்பது அங்கே வழக்கம்.

பெண் விவசாயிகளுக்கான உர மானியம் இனி கைப்பேசியில் வவுச்சராக வரும் என்றார்கள். தாமரை ஒரே மாலையில் மற்ற பத்துப் பேருக்கும் தன் எண்ணிலேயே பதிந்தார். தன் பெயரை முதலில் போட்டால் நன்றாயிருக்காது என்று, அதைக் கடைசியாகப் போட்டார்.

ஓர் எண்ணில் ஒரு பெயர்தான் நிற்கும்; அடுத்தது ஏறினால் முந்தியது அழிந்துவிடும். இது அவருக்குத் தெரியவந்தது நேற்று, வவுச்சரின் கடைசி நாளில், கிள்ளான் உரக்கடையில்.

"உங்க பேரு மட்டும்தான் இருக்கு, அக்கா." கடைக்காரர் சுகுமாறன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"நல்லம்மாள்னு போட்டுப் பாருங்க, தம்பி."

"அஞ்சு தடவ பாத்தாச்சு லா. பதிவும் போன மாசமே மூடிட்டாங்க."

கூட வந்திருந்த நல்லம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய செடிகள் பூவெடுத்திருந்தன. இந்த வாரம் உரம் விழாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். அந்த மிளகாயை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

"பத்துப் பேரு பேரும் முழுகிடுச்சு, உன்னுது மட்டும் மெதக்குதா, தாமரை?"

"சத்தியமா தெரியாதுக்கா. கடைசியா போட்டதால..."

"கடைசியா போட்டாதான் நிக்கும்னு தெரிஞ்சுதானே போட்ட?"

தாமரையின் வவுச்சருக்கு நாலு மூட்டை உரம் கிடைத்தது. லோரியில் ஏற்றும்போது, "எல்லாருக்கும் பிரிச்சிடலாம்க்கா" என்றார் தாமரை.

"செடிக்கு ஒரு சிட்டிகையா? எல்லாருதும் சேந்து சாவட்டுமா?"

"அப்ப நாலும் நீங்களே எடுத்துக்குங்க."

"எடுத்துக்கிட்டு? மத்தவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

லோரி பாலம் தாண்டித் தீவுக்குள் வந்தது. தோட்ட முனையில் மற்ற ஒன்பது பேரும் தள்ளுவண்டிகளோடு நின்றிருந்தார்கள். லோரி நிற்பதற்குள் உஷாராணி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மொத லோடு நாலுதானா? மிச்சம் எப்பக்கா வருது?"

தாமரை நல்லம்மாளைப் பார்த்தார். நல்லம்மாள் லோரியிலிருந்து இறங்கி, மற்றவர்களோடு போய் நின்றுகொண்டார்.

"சொல்லு," என்றார்.