ஜெர்மனியில் இருந்த லேப்டாப்

போன வாரம், பெரம்பலூரில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு முந்திரித் தொழிலைக் கிட்டத்தட்ட முடக்கிவிட்டேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் பாசமும்தான்.

மகள் வேலைக்காக ஜெர்மனியில் இருக்கிறாள். இங்கே இத்தனை மணி என்றால் அங்கே எத்தனை? எனக்கு எப்போதும் குழப்பம். ஒருநாள் லேப்டாப் செட்டிங்ஸுக்குள் புகுந்து, 'இந்தியா' என்றிருந்ததை 'ஜெர்மனி' ஆக்கினேன். கடிகாரமும் கூடவே மாறும் என்று நம்பினேன். மாறவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். திரும்ப இந்தியாவுக்கு வர வேண்டும் என்று தோன்றவே இல்லை... அங்கே போனவர்கள் பலருக்கும் அப்படித்தானாமே!

என் மைத்துனன் சேகர் அரியலூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். இரும்புத் தகடுகளைக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின் அவனிடம் உண்டு. டிசைன் போடுவது கவிதா என்ற டிப்ளமோ படித்த பெண். அவளுடைய கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துக்கொண்டது.

"மாமா, ஒங்க லேப்டாப்பக் குடுங்க. ரெண்டு நாள்ல தந்துடுறேன்."

கொடுத்தேன். மாமியார் வீட்டில் பெருமை சம்பாதிக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி வருவதில்லை.

அவசர ஆர்டர், மலர்க்கொடி அம்மாவுடையது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் முந்திரி உடைக்கிறவர். பழைய மெஷின் நின்றுவிட்டதால், சேகரிடம் புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். களம் நிறையக் கொட்டை கிடக்கிறது. கோடை மழை நனைத்துவிட்டால் பருப்பு கறுத்துப்போகும்.

கவிதா என் லேப்டாப்பில் டிசைனைத் திறந்து, வெட்டும் மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றி அனுப்பினாள். தகடுகள் அழகாக வெட்டுப்பட்டு வந்தன. ஆனால் பூட்டிப் பார்த்தால் — ஒரு போல்ட்கூடத் துளைக்குள் போகவில்லை.

லேப்டாப்பைத் திரும்ப வாங்க நான் பட்டறைக்குப் போனபோது மலர்க்கொடி அம்மா மடியில் பையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, வானம் மூடிக்கிட்டு வருது. இன்னிக்கு மெஷின் வருமா, இல்ல கட்டையால தட்ட ஆள் புடிக்கட்டுமா?"

கவிதா, அனுப்பிய ஃபைலைப் பிரித்து எண்களைக் காட்டினாள். 12,5 என்று இருந்தது.

"டிசைன்ல துளை பன்னெண்டரை மில்லி சார். இதுல புள்ளிக்குப் பதிலா கமா விழுந்திருக்கு. மெஷின் கமாவப் பாத்ததும் நின்னுடுச்சு. பன்னெண்டுன்னே வெட்டிருச்சு."

"அங்கே எப்படிம்மா கமா வரும்?" என்றேன், ஆயுசு முழுக்கக் கமா போட்டு எழுதிப் பிழைக்கிறவனின் மிடுக்கோடு.

செட்டிங்ஸைத் திறந்தாள்.

"சார்... ஒங்க லேப்டாப் ஜெர்மனில இருக்கு."

"எங்க இருந்தா என்ன, இங்க கூட்டியாங்கப்பா" என்றார் மலர்க்கொடி அம்மா.

ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமாதானாம். நாம் லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் நடுவே மூச்சுவிடப் போடுகிற அதே கமா. இரண்டுமே சரி, அந்தந்த ஊர் வழக்கு. மெஷின், 'இது என்னங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டது.

பன்னிரண்டரை, நூற்றிருபத்தைந்தாகியிருந்தால் பார்த்ததுமே சிரித்திருப்போம். பெரிய தப்பு தானாகவே கையைத் தூக்கிவிடும். அரை மில்லி தப்புதான் சரி மாதிரியே நடந்து வரும்.

கவிதா லேப்டாப்பை இந்தியாவுக்கு அழைத்து வந்தாள். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுத் தகடுகளை மறுபடி வெட்டினார்கள். முதல் போல்ட் உள்ளே போனபோதுதான் சேகர் என் முகத்தைப் பார்த்தான். சாயங்காலம் மெஷின் மினி லாரியில் ஏறியது. மழை செந்துறை ஊரோடு நின்றுவிட்டதாம்; அவர் களத்துக்கு வரவில்லை. மறுநாள் மலர்க்கொடி அம்மா போனில் சொன்னது ஒரே வார்த்தை: "ஓடுது."

எனக்குத்தான் அந்த அரை மில்லி மனதைவிட்டுப் போகவில்லை. மகள் போனில், "நல்லாத்தான்ப்பா இருக்கேன், ஆனா..." என்று இழுப்பாள். நானோ 'நல்லாத்தான் இருக்கேன்' வரைக்கும் எடுத்துக்கொண்டு, "சரிம்மா, வச்சிரட்டுமா?" என்பேன். கமாவில் நிற்கிற மெஷின் பட்டறையில் மட்டும்தானா இருக்கிறது?

இதையெல்லாம் மனைவியிடம் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தவள் கடைசியில் சொன்னாள்:

"ஏங்க, அங்க மணி என்னன்னு அவளுக்குத் தெரியுமே... அவளையே கேட்டிருக்கலாம்ல?"