மாமாவின் விரல்களுக்கு யாரோ போட்ட பாட்டு

என் கல்யாண வீடியோ கேசட்டை மகன் கைபேசிக்கு மாற்றிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். காலையிலிருந்து ஆளாளுக்கு இதயம் போடுகிறார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை வருஷம் கழித்துமா என்றால், ஆமாம், இத்தனை வருஷம் கழித்தும்தான்.

அதில் ஓரிடத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் பியானோ வாசிக்கிறார். என் அம்மாவின் தம்பி. பஞ்சாலைப் படிப்புக்கென்று பம்பாய்க்கு அனுப்பினால், அங்கே ஓர் ஓட்டலில் ஜாஸ் குழுவோடு சேர்ந்துகொண்ட மாமா. சொந்தமாகவும் மெட்டுப் போடுவார். ஓட்டல்காரர்கள் குழுவை அனுப்பிவிட்டு டேப் போட ஆரம்பித்ததும், ஒரு பழைய பியானோவோடு கோயமுத்தூருக்கே திரும்பி வந்தார். தொண்ணூறுகளில் அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில் சாயங்கால வேலை. அங்கே சொந்தச் சரக்குக்கு அனுமதி கிடையாது. வறுத்த முந்திரி வாசனைக்கு நடுவே, சாப்பிட வந்தவர்கள் கேட்கிற சினிமாப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். இன்றைக்கும் முந்திரி வறுக்கும்போது மாமா ஞாபகம் வந்துவிடும். எங்கள் வீட்டுப் பாயசத்தில் முந்திரி எப்போதும் கருகித்தான் இருக்கும்.

தாராபுரத்தில் என் கல்யாணம் நிச்சயமானதும் அவர் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம சனம் ஒருக்காவாச்சும் நான் போட்டதக் கேக்கட்டுமுங்க மச்சான்."

டெம்போவில் பியானோ மண்டபத்துக்கு வந்தது. நம் ஆட்கள் அதை மேஜை என்று நினைத்துத் தேங்காய்ப் பைகளை அடுக்கிவிட்டார்கள். மாமா சிரித்துக்கொண்டே அவற்றை இறக்கி வைத்துவிட்டு, 'தாராபுரம் பஸ்' என்று தான் பெயர் வைத்திருந்ததை வாசித்தார். இடது கை பஸ், வலது கை அதில் ஏறுகிற சனம். பந்தியிலிருந்து கை கழுவாமல் எழுந்து வந்து நின்றார்கள். "ஏப்பா, இது நம்ம ரூட்டு பஸ்ஸேதான்!" என்று பெரியப்பா கத்தினார். மாமாவுக்கு எழுதிவைக்கிற வழக்கம் இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும். அன்றைக்கு வந்ததுதான் சரியாக வந்தது என்று அவரே சொன்னார்.

கேசட் வந்தது. எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் மாமாவின் விரல்கள் ஓடுகின்றன; கேட்பதோ சினிமா டூயட்! அந்தக் காலத்தில் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டை ஒட்டுவதுதான் வீடியோ கடைகளின் வழக்கம்.

கடைக்கே போனேன்.

"ஒரே இரைச்சலுங்க அம்மணி. நல்ல பாட்டாப் பாத்து எடுத்துப் போட்டிருக்கறனுங்க" என்றார் வீடியோக்காரர், உபகாரம் செய்த முகத்தோடு.

"அப்போ கேமரா டேப்பைக் குடுங்க."

"அது மேலயே அடுத்த முகூர்த்தத்த எடுத்துப்போட்டனுங்களே!"

தெரு கூடுகிற மாதிரி சத்தம் போட்டேன். கூட வந்த மாமாதான் கையைப் பிடித்து இழுத்தார்.

"உடு கண்ணு. அவருக்கென்ன தெரியும்?"

அந்தப் பெருந்தன்மையின் மேலும் எனக்குக் கோபம்தான். வாழ்நாளில் ஒரு தடவையாவது அவர் யாரையாவது திட்டியிருக்கலாம்.

சில வருஷத்தில் ஓட்டல்காரர்கள் மாமாவை நிறுத்திவிட்டு டிவி வைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து 'தாராபுரம் பஸ்'ஸைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நடுவால ஒண்ணு வந்துச்சே, அது புடிபடவே மாட்டீங்குது. உனக்கு ஞாபகமிருந்தாப் பாடிக் காட்டு கண்ணு."

கண்ணை மூடினேன். அவர் விரல்கள் நன்றாகத் தெரிந்தன. வாயைத் திறந்தால் வந்தது அந்த டூயட். வருகிறவர்களுக்கெல்லாம் கேசட்டைப் போட்டுக் காட்டியதில் அதுதான் மண்டையில் ஏறியிருந்தது. இன்னொரு தடவை முயன்றேன். அதேதான் வந்தது.

மாமா என்னை நிறுத்தவில்லை. இடது கையால் அந்தப் பாட்டுக்கே மெதுவாகத் துணை வாசிக்க ஆரம்பித்தார், ஓட்டலில் வாசித்த மாதிரியே.

இப்போது மாமா இல்லை, பியானோ இல்லை, 'தாராபுரம் பஸ்'ஸில் ஒரு துண்டுகூட யாரிடமும் இல்லை. அந்த வீடியோக்காரருக்கும் வயதாகிவிட்டது, மன்னித்துவிடேன் என்கிறார் என் கணவர்.

மாட்டேன்.